தேறாது என்று ஒதுக்கும் முன் மூச்சை எண்ணுங்கள்

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் பாட்டிலோடு எங்கள் மாடிக்கு ஏறி வந்தான். உள்ளே ஒரு சின்ன ஃபைட்டர் மீன்.

"அக்கா, இதுகூடப் பொறந்ததெல்லாம் நல்லா பெருசாயிடுச்சு. இது மட்டும் அப்படியே கீது. தேறாதாக்கா?"

சென்னை கொளத்தூரில் கலர் மீன் வளர்க்கும் யாருக்கும் இந்தக் கேள்வி புதிதில்லை. ஆண் மீன் குமிழ் ஊதிக் கட்டிய ஒரே நுரைக்கூட்டில், ஒரே நாளில் பொரித்த குஞ்சுகள். ஒரே தொட்டி, ஒரே தண்ணீர், ஒரே தீனி. மூன்றாம் மாதம் வலை போட்டுப் பார்த்தால் ஒன்று கட்டைவிரல் நீளம், இன்னொன்று அதில் பாதி. பெரியதைத் தனி பாட்டிலுக்கு மாற்றுவோம். சின்னதைக் கழித்துவிடுவோம். பல வருடம் நானும் அப்படித்தான் கழித்தேன். எத்தனை நல்ல மீனை அப்படிக் கைவிட்டேன் என்று நினைத்தால் இன்றும் மனது கஷ்டப்படுகிறது.

ஒரு மீன் ஏன் பின்தங்குகிறது என்று தெரிந்துகொள்ள நான் இப்போது செய்கிற வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரிய கருவி எதுவும் வேண்டாம். பொறுமையும் விடியற்காலையும் போதும்.

சும்மா இருப்பதற்கும் செலவு உண்டு

கடை வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் வாடகை கொடுத்தாக வேண்டும். மீனும் அப்படித்தான். நீந்தாமல், சாப்பிடாமல், சண்டைக்குப் போகாமல் சும்மா கிடந்தாலும் இதயம் அடிக்க வேண்டும், கல்லீரலும் மூளையும் குடலும் வேலை செய்ய வேண்டும். அதற்குத் தீனியின் சத்தை எரிக்க வேண்டும், எரிப்பதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஓய்வு நிலை வளர்சிதை மாற்ற வேகம் என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். நான் சும்மாச் செலவு என்று சொல்லிப் பழகிவிட்டேன். இந்தச் செலவு போக மிஞ்சுவதுதான் வளர்ச்சிக்கும் நிறத்துக்கும் இனப்பெருக்கத்துக்கும் போகும்.

இந்த வாடகை எல்லா மீனுக்கும் ஒன்றில்லை. சால்மன், டிரவுட் குஞ்சுகளை ஒவ்வொன்றாக மூடிய நீர்க்கலத்தில் விட்டு, ஆக்சிஜன் எவ்வளவு குறைகிறது என்று அளந்திருக்கிறார்கள். ஒரே வயது, ஒரே எடை மீன்களுக்குள்ளேயே இரண்டு மூன்று மடங்கு வித்தியாசம் வருகிறது. கூடப் பிறந்தவைகளுக்குள்ளும் வருகிறது. இந்த மாதிரி அளவெடுப்பது பழைய வேலை. 1780களிலேயே பிரான்சில் லவாய்சியர், லாப்லாஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துக்குள் வைத்து, அதன் உடல் சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று பார்த்தார்கள். மூச்சு விடுவதும் விளக்கு எரிவதும் ஒரே காரியம்தான், இது மெதுவாக எரிகிறது என்று அவர்கள் சொன்னதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கும்.

நம் வீட்டில் ஆக்சிஜன் மீட்டர் இல்லை. ஆனால் ஃபைட்டர் இருக்கிறது. அதற்குச் செவுள் போக, தலைக்குள் லேபிரிந்த் என்று இன்னொரு மூச்சு உறுப்பு உண்டு. அதற்காக மேலே வந்து வாயால் ஒரு மடக்குக் காற்றை எடுத்துக்கொண்டு கீழே போகும். அந்த மடக்கை எண்ணலாம். செவுள் மூடி திறந்து மூடுவதையும் எண்ணலாம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எந்த மீனுக்கு வாடகை அதிகம் என்று ஓரளவு பிடிபடும். துல்லியமான அளவு இல்லைதான், ஆனால் மீன்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிட இது போதும்.

முதல் நாள் செய்ய வேண்டியவை

ஒரே கூட்டில் பிறந்த, மூன்றரை நான்கு மாத ஆண் மீன்களாக எடுங்கள். நான் ஒரு தடவைக்கு ஒன்பது எடுப்பேன். கூடு கட்டிக்கொண்டிருக்கும் மீனையும் காயம் பட்ட மீனையும் விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும் எடை போடுங்கள். நகைக்காரர்கள் வைத்திருப்பது மாதிரி 0.01 கிராம் காட்டும் சின்ன தராசு இருந்தால் நல்லது. டம்ளரில் தண்ணீர் வைத்துப் பூஜ்யம் ஆக்கிவிட்டு, வலையில் நீர் வடிந்ததும் மீனை உள்ளே விடுங்கள். எடை ஏன் என்றால், பெரிய உடம்புக்குச் செலவு அதிகம், ஆனால் கிராம் கணக்கில் பார்த்தால் குறைவு. மேக்ஸ் கிளைபர் என்ற விஞ்ஞானி 1932இல் பல விலங்குகளை ஒப்பிட்டு ஒரு கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் எடை இரண்டு மடங்கானால் செலவு ஏறக்குறைய 1.7 மடங்குதான் ஆகும். ஒரே இனத்துக்குள் இந்த எண் கொஞ்சம் முன்பின் இருக்கும். அதனால் குழப்பமே வேண்டாம், ஏறக்குறைய ஒரே எடை மீன்களை மட்டும் ஒன்றோடு ஒன்று ஒப்பிடுங்கள்.

அப்புறம் தண்ணீர். ஒரே டிரம்மில் இரண்டு நாள் வைத்துக் குளோரின் போன தண்ணீரை எல்லா பாட்டிலுக்கும் ஒரே உயரத்துக்கு ஊற்றுங்கள். ஒரு பாட்டில் புதுத் தண்ணீர், ஒரு பாட்டில் வாரப் பழசு என்றால் நீங்கள் எண்ணப்போவது தண்ணீரின் கதை, மீனின் கதை இல்லை. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலே மீன் அடிக்கடி மேலே வரும்.

எண்ணுவதற்கு முன் 24 மணி நேரம் தீனி கிடையாது. ஆரோக்கியமான ஃபைட்டருக்கு ஒரு நாள் பட்டினி ஒன்றும் செய்யாது. சாப்பிட்டதைச் செரிப்பதற்கே தனிச் செலவு இருக்கிறது. தீனி எடுத்த சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தேவை சும்மா இருப்பதைவிட இரண்டு மடங்குகூட ஆகும். முழு வயிற்று மீனையும் காலி வயிற்று மீனையும் பக்கத்தில் வைத்து எண்ணினால் கணக்கு நிற்காது.

கடைசியாக, பாட்டில்களுக்கு நடுவே மறைப்பு. நான் பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் செருகுவேன், அட்டை கெட்டியாக நிற்கும். ஒன்றை ஒன்று பார்த்துவிட்டால் செவுளை விரித்து நிற்கும், பிறகு மூச்சு ஏறிவிடும். சண்டைக்கு நின்ற மீன் அடங்க நேரமாகும். முதல் நாள் இரவே மறைத்துவிடுங்கள்.

எண்ணும் காலை

நான் நாலே முக்காலுக்கு மாடி ஏறிவிடுவேன். ரெட்டேரிப் பக்கம் லாரிச் சத்தம் மட்டும் கேட்கும் நேரம். சின்ன விளக்கு ஒன்று, தள்ளி வைத்து. பாட்டில்களுக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தால் முதல் கால் மணி நேரம் எதையும் எண்ணுவதில்லை. நாம் வந்து உட்கார்ந்ததே மீனுக்குப் பயம். அது பழகட்டும்.

மடியில் ஒரு கிண்ணம் புளியங்கொட்டை. எதிரே மூன்று டம்ளர், மூன்று பாட்டிலுக்கு. ஒரு மீன் மேலே வந்து காற்றெடுத்தால் அதன் டம்ளரில் ஒரு கொட்டை. இருபது நிமிடம். ஒரே நேரத்தில் மூன்று பாட்டிலுக்கு மேல் பார்க்க முயலாதீர்கள், கண் தவறிவிடும். எட்டிப் பார்த்துவிட்டு வெறுமனே திரும்பும் மீனும் உண்டு. உதடு நீர்மட்டத்தைப் பிளந்து, ஒரு குமிழை உள்ளே இழுத்து, செவுள் ஓரத்தில் பழைய காற்று பொட்டென்று வெளியேறினால்தான் ஒரு மடக்கு. இரண்டு நாள் பார்த்தால் கண் பழகிவிடும்.

இருபது நிமிடம் முடிந்ததும் ஒவ்வொரு மீனுக்கும் அரை நிமிடம் செவுள் மூடி எத்தனை தடவை திறக்கிறது என்று எண்ணுங்கள். மறுபடியும் ஒரு அரை நிமிடம். இதை விட்டுவிடக் கூடாது. சில மீன் காற்றை அதிகம் நம்பும், சில மீன் செவுளை அதிகம் நம்பும். மடக்கு குறைவாக இருந்து செவுள் வேகமாக இருந்தால் அதைக் குறைந்த செலவு மீன் என்று சொல்ல முடியாது. இரண்டும் குறைவாக இருக்கும் மீனும் இரண்டும் அதிகமாக இருக்கும் மீனும்தான் தெளிவான ஆட்கள். நடுவில் இருப்பவற்றை நடுவிலேயே விடுங்கள்.

ஒன்பது மீனுக்கு மூன்று சுற்று. முதல் சுற்றின்போது இருட்டு, மூன்றாவது சுற்றுக்குள் காகம் கத்த ஆரம்பித்துவிடும், மீனும் விழித்துவிடும். அதனால் அடுத்த வாரம் வரிசையை மாற்றுங்கள். கடைசியில் பார்த்தவற்றை முதலில் பாருங்கள். வாரத்துக்கு ஒரு நாளாக மூன்று வாரம் எண்ணுங்கள். ஒரு நாள் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மூன்று தடவையும் ஒரு மீன் மேல்வரிசையிலேயே நின்றால், அது அதன் குணம்.

தண்ணீரின் சூட்டையும் எழுதி வைப்பது முக்கியம். மீனுக்கு உடல் சூடு தண்ணீரோடு போகும். தண்ணீர் 10 டிகிரி ஏறினால் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்குக்கு வந்துவிடும். மார்கழியில் என் மாடியில் 24 டிகிரி, சித்திரை வெயிலில் 32, 33. சூடு ஏற ஏறத் தண்ணீர் பிடித்துவைக்கும் ஆக்சிஜனும் குறைகிறது. 25 டிகிரியில் ஒரு லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம், 30 டிகிரியில் 7.5. தேவை கூடும்போது வரத்து குறைகிறது என்று அர்த்தம். மார்கழி எண்ணைச் சித்திரை எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

ஒரு எச்சரிக்கை. செவுள் படபடவென்று அடித்து, நிறம் மங்கி, துடுப்பைச் சுருக்கி வைத்திருக்கும் மீன் செலவாளி இல்லை. அதற்கு உடம்பு சரியில்லை, அல்லது தண்ணீரில் அம்மோனியா ஏறிவிட்டது. நோட்டை மூடிவிட்டு முதலில் தண்ணீரை மாற்றுங்கள்.

ஏன் இந்த வித்தியாசம்

என் நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன். ஒன்பது அண்ணன் தம்பிகள், எடை எல்லாம் 1.1 கிராமுக்கு முன்பின். இருபது நிமிடத்துக்கு நான்காம் பாட்டில் மூன்று வாரமும் 5, 4, 5 மடக்கு. எட்டாம் பாட்டில் 11, 12, 10. ஒரே அப்பா, ஒரே அம்மா.

பிறப்பு ஒரு காரணம்தான். சும்மாச் செலவு ஓரளவு பரம்பரையாக வருகிறது. எலிகளில் செலவு அதிகமானவற்றை ஒரு பக்கமும் குறைந்தவற்றை ஒரு பக்கமும் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வளர்த்து இரண்டு வம்சமாகவே பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அண்ணன் தம்பிக்கும் ஒரே சீட்டு விழாதே. அதோடு முட்டைக்கு முட்டை மஞ்சள்கரு வித்தியாசம். தாய் மீன் மிரண்டு கிடந்தால் கார்டிசால் என்ற ஹார்மோன் அவள் உடம்பிலிருந்து முட்டைக்கும் போகும், குஞ்சின் உடம்பு அதற்கேற்ப மாறலாம். அதனால்தான் ஜோடி சேர்க்கும் முன் பெண் மீனை நன்றாகத் தேற்றி, அடிபடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

உடம்புக்குள் போனால், எல்லா உறுப்புக்கும் ஒரே வாடகை இல்லை. கல்லீரல், குடல், இதயம், சிறுநீரகம், மூளை இவையெல்லாம் சும்மா இருக்கும்போதும் நிறைய எரிப்பவை. எடை ஒன்றாக இருந்தாலும் குடலும் கல்லீரலும் பெரிதாக உள்ள மீனுக்குச் செலவு கூடுதல். பதிலுக்கு அது அதிகம் சாப்பிட்டுச் சீக்கிரம் செரிக்கும்.

இன்னும் உள்ளே போனால் செல்களில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா, சத்தை எரித்துச் சக்தியாக்கும் குட்டி மில்கள். ஒரே மூட்டை நெல்லை இரண்டு மில்லில் கொடுத்தால் ஒரு மில்லில் அரிசி அதிகம் கிடைக்கும், இன்னொன்றில் நொய்யும் தவிடுமாகப் போகும் இல்லையா? அதே மாதிரி, ஒரே அளவு ஆக்சிஜனிலிருந்து உடம்புக்கு உதவும் சக்தியை ஒரு மீன் அதிகம் எடுக்கும், இன்னொன்றில் கசிந்து வெறும் சூடாகப் போகும். டிரவுட் மீன்களுக்கு ஒரே அளவு தீனி கொடுத்துப் பார்த்ததில், நல்ல மில் வைத்திருந்த மீன்கள்தான் வேகமாக வளர்ந்தன. வெறும் தீனி அளவைப் பார்த்து வளர்ச்சியைச் சொல்ல முடியாததற்கு இது பெரிய காரணம்.

அப்புறம், தொட்டிக்குள் இருக்கும் அதிகாரம். சால்மன் குஞ்சுகளில் சும்மாச் செலவு அதிகமானவைதான் பெரும்பாலும் மற்றவற்றை விரட்டி நல்ல இடத்தைப் பிடிக்கின்றன. தீனி தாராளமாக இருக்கும்வரை அது நல்ல வியாபாரம், வாடகை அதிகமானாலும் வரவும் அதிகம். தீனி குறைந்தால் அதே மீன்தான் முதலில் மெலியும். பசித்த நேரத்தில் துணிந்து வெளியே வந்து ஆபத்தில் மாட்டுவதும் அதிகமாக இதே ரகம்தான். எல்லா மீனும் ஒரே செலவுக்கு வந்து நிற்காததற்கு இதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன். மழை நல்ல வருடத்தில் ஒரு ரகம் ஜெயிக்கும், வறண்ட வருடத்தில் இன்னொன்று.

செலவு கல்லில் செதுக்கியதும் இல்லை. தீனி கூடும்போது செலவை ஏற்றிக்கொண்டும், குறையும்போது இறக்கிக்கொண்டும் சமாளிக்கும் டிரவுட்டுகள், மாற்றிக்கொள்ளத் தெரியாதவற்றைவிட நன்றாக வந்திருக்கின்றன. அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மறுபடி எண்ணுகிறேன்.

எண்ணிய பிறகு தீனி

எண்ணிக்கை அதிகமான மீனுக்கு அள்ளிப் போடாதீர்கள். நேரத்தைக் கூட்டுங்கள். ஃபைட்டரின் வயிறு சின்னது, ஒரே தடவையில் எட்டு உருண்டை போட்டால் பாதி கீழே அழுகும். நான் நாளைக்கு நான்கு தடவை, மூன்று மூன்று சின்ன உருண்டையாகப் போடுகிறேன். வாரத்தில் இரண்டு நாள் ஒரு வேளை ஆர்ட்டீமியா என்ற பொடி உப்புநீர் இறால். குறைந்த எண்ணிக்கை மீனுக்கு இரண்டு தடவை தாராளமாகப் போதும். அது தீனியை மெதுவாகப் பார்த்து மெதுவாக எடுக்கும். பசி இல்லையோ என்று பயந்து மேலே மேலே போட்டால் தண்ணீர்தான் கெடும். ஊருக்குப் போகும்போது நான்கு நாள் பட்டினி இருக்கக்கூடியதும் அதுதான். செலவாளி மீனை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.

கூட்டமாக வளரும் கப்பி, ஏஞ்சல், கோல்ட் ஃபிஷ் தொட்டியில் ஒவ்வொன்றாக எண்ண முடியாது. அங்கே அளவு பிரித்து வையுங்கள், தீனியை ஒரே மூலையில் போடாமல் மூன்று நான்கு இடத்தில் தூவுங்கள். ஒரு மூலையை அடாவடி மீன் காவல் காக்கும், நாலு மூலையைக் காக்க முடியாது.

தொட்டி மீனைப் பற்றிச் சொல்லும்போது 2023 டிசம்பர் 4ஐச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மிக்ஜாம் புயல். முந்தின நாள் மாலை, இனி இரண்டு நாள் மாடிக்கு ஏற முடியாதே என்று கோல்ட் ஃபிஷ் தொட்டியில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தீனி போட்டேன். எப்போதும் முன்னால் ஓடிவரும் ஐந்தாறு மீன்கள்தான் அதில் பெரும்பங்கைத் தின்றன. இரவில் கரண்ட் போனது, ஏர் மோட்டார் நின்றது. விடிந்து டார்ச்சோடு போய்ப் பார்த்தபோது அதே ஐந்தாறும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. கிண்ணத்தால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றி ஊற்றிப் பார்த்தோம். என் அத்தை எழுபது வயதில் கைவலியைப் பார்க்காமல் ஊற்றினார். நான்கு மீன் போய்விட்டது. பின்னால் ஒதுங்கித் தின்னும் மீன்கள் அடியில் அமைதியாக நின்றன, ஒன்றும் ஆகவில்லை. ஒரு தொட்டியை வைத்து எல்லாவற்றையும் நிரூபித்ததாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நிறையச் செலவு செய்யும் உடம்பு, அதன் மேல் முழு வயிற்றுச் செரிமானம், அதன் மேல் ஆக்சிஜன் இல்லாத தண்ணீர் என்று மூன்று பாரத்தை நானே ஏற்றிவிட்டேன். புயல் எச்சரிக்கை வந்தால் இப்போது முந்தின நாள் காலையிலேயே தீனியை நிறுத்திவிடுகிறேன். நீங்களும் நிறுத்துங்கள்.

ஜோடி சேர்க்கும்போது வேகமாக வளர்ந்தவற்றை மட்டும் எடுப்பதையும் விட்டுவிட்டேன். நான் தாராளமாகத் தீனி போடும் மாடியில் ஜெயித்த மீனை வாங்கிப் போகிறவர் வீட்டில் நாளைக்கு ஒரு தடவைதான் தீனி. அங்கே நான்காம் பாட்டில் மாதிரி மீன்தான் நிம்மதியாக இருக்கும். புதிதாக மீன் வளர்ப்பவர்களுக்கு அந்த ரகத்தையே எடுத்துக் கொடுக்கிறேன்.

அந்தத் தம்பியின் மீனை நான்கு வாரம் என்னிடம் விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். எடை 0.62 கிராம். அதே எடையில் என்னிடம் இருந்த மூன்று குஞ்சுகள் 5, 6, 6. அவன் மீன் முதல் வாரம் 10, அடுத்தது 11, அடுத்தது 10. செவுளும் அதே மாதிரி வேகம். நிறம் நன்றாக இருந்தது, தண்ணீரிலும் குறையில்லை. வீட்டில் அண்ணன் தம்பிகளோடு ஒரே தொட்டியில் இருந்தவரை அதற்குக் கிடைத்தது வாடகைக்கே சரியாகப் போயிருக்கிறது. தனி பாட்டிலில், நான்கு வேளைத் தீனியில், நான்காம் வாரம் 0.81.

அவன் வந்து தராசைப் பார்த்துவிட்டு நோட்டைக் கேட்டான். கொடுத்தேன். "அக்கா, வீட்ல இன்னும் ரெண்டு சின்னது கீது, நாளைக்கு எத்தினி மணிக்கு வரட்டும்?" என்றான். நாலே முக்காலுக்கு வா, இன்று காலையோடு தீனியை நிறுத்திவிடு என்று சொல்லி அனுப்பினேன்.